அடிப்பிரதியை அழிக்கலாமா?

பொருளைத் தேடுவதிலும் பார்க்க, தேடிய பொருளைப் பேணுதல் கடினமானது. நிலத்தையும் நகையையும் பேணும் வழிகளை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். காணி உறுதிகள் பெட்டகத்திற் பூட்டப்பட்டன. நகைகள் இரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டன. ஆனால் இக்காலக் குடும்பமொன்றின் செல்வத்தில் ஒரு பகுதி, கையால் தொட முடியாத வடிவில் மேசைமேலுள்ள கணினிக்குள் இருக்கின்றது. திருமணப் படங்கள், காலஞ்சென்ற பாட்டனாரின் குரற்பதிவு, உயர்தர வகுப்பு மாணவனின் செயற்றிட்ட அறிக்கை, சிறு வியாபாரியின் வரவு செலவுக் கணக்கு ஆகிய யாவும் உள்ளங்கையளவான ஒரு வன்தட்டில் அடங்கிவிடுகின்றன. அவ்வன்தட்டோ என்றேனும் ஒருநாள் பழுதுபடும் என்பது உறுதி.

இதனை உணர்ந்தவர்கள் வெளி வன்தட்டொன்றை வாங்கி, காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளொன்றையும் கணினியில் நிறுவிக்கொள்கின்றனர். அது நன்று. ஆனால் அம்மென்பொருளைத் திறந்ததும் அது ஒரு வினாவை எழுப்புகின்றது: முழுக் காப்பா, சேர்ப்புக் காப்பா? ஆங்கில வழக்கில் முன்னையதை 'புல் பேக்கப்' என்பர். பின்னையதை 'இன்கிரிமென்டல் பேக்கப்' என்பர். பொருள் விளங்காமலே ஏதோவொன்றைத் தெரிவுசெய்துவிட்டு அமைதியடைவோர் பலர். சில மாதங்கள் சென்றபின் வெளித்தட்டில் இடம் போதாமற் போகின்றது. அங்கே மிகப் பெரிய பழைய கோப்பொன்றும், சிறிய புதிய கோப்புகள் பலவும் காணப்படுகின்றன. புதியவை இருக்கப் பழையது எதற்கு என்றெண்ணிப் பெரியதை அழித்துவிடுகின்றனர். அந்த ஒரு செய்கையினால் காப்பு முழுவதும் பயனற்றதாகிவிடக்கூடும். அஃது எவ்வாறு என்பதையே இக்கிழமை ஆராய்வோம்.

கடைக் கணக்கும் கணினிக் காப்பும்

ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு, அரிசி எத்தனை மூடை, சீனி எத்தனை கிலோ, சவர்க்காரம் எத்தனை கட்டி என்று இருப்பு முழுவதையும் எண்ணி எழுதுகின்றார். அதன் பின்னர் நாள்தோறும் வந்தது எது, போனது எது என்பதை மாத்திரம் ஏட்டிற் பதிந்து வருகின்றார். மார்ச் மாதம் 10ஆந் திகதி கடையில் இருந்தவை எவை என்று அறிய வேண்டின், ஆண்டுத் தொடக்க இருப்பைக் கையிலெடுத்து, அன்றுவரையுள்ள பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் வரல் வேண்டும்.

ஆண்டுத் தொடக்க இருப்புக் கணக்கைப் போன்றது முழுக் காப்பு. கணினியில் நாம் குறித்த கோப்புகள் அனைத்தையும், மாறியது மாறாதது என்ற வேறுபாடின்றி, அது படியெடுக்கின்றது. நாளேட்டின் ஒரு பக்கத்தைப் போன்றது சேர்ப்புக் காப்பு. இறுதியாக எடுத்த காப்பிற்குப் பின்னர் புதிதாக வந்தவற்றையும் மாற்றப்பட்டவற்றையும் மாத்திரம் அது படியெடுக்கின்றது. நீக்கப்பட்டவை எவை என்பதையும் குறித்துக்கொள்கின்றது.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாவது முறையும் உண்டு. அதனை வேறுபாட்டுக் காப்பு, அதாவது 'டிபரென்ஷியல் பேக்கப்' என்பர். இது நேற்றைய காப்பை நோக்குவதில்லை. எப்பொழுதும் இறுதி முழுக் காப்பையே நோக்கி, அன்றுதொட்டு இன்றுவரை மாறிய யாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுக்கின்றது. ஆகவே நாளுக்கு நாள் இதன் அளவு பெருத்துக்கொண்டு செல்லும்.

எண்களைக்கொண்டு நோக்கினால்

மாணவ நேயர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக. ஒரு வீட்டுக் கணினியில் 200 ஜிகாபைட் அளவான கோப்புகள் இருப்பதாகவும், நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் அளவிற்கு, வெவ்வேறு கோப்புகளில், மாற்றம் நிகழ்வதாகவும் கொள்வோம்.

ஞாயிறு தொட்டுச் சனிவரை ஏழு நாளும் முழுக் காப்பே எடுத்தால், வெளித்தட்டில் 1,400 ஜிகாபைட் இடம் வேண்டும். ஞாயிறன்று முழுக் காப்பும் ஏனைய ஆறு நாட்களிற் சேர்ப்புக் காப்பும் எடுத்தால், 200உடன் 12 கூடி 212 ஜிகாபைட் போதும். வேறுபாட்டுக் காப்பாயின் திங்களன்று 2, செவ்வாயன்று 4 என்றவாறு சனியன்று 12வரை ஏறிச்செல்லும். மொத்தம் 242 ஜிகாபைட் ஆகும்.

நேரத்தையும் பார்ப்போம். விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் எழுதும் வெளித்தட்டில் 200 ஜிகாபைட்டைப் பதிக்க 2,000 விநாடி, அதாவது அரைமணி நேரத்திற்குச் சற்று மேலே செல்லும். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பின் இன்னும் தாமதமாகும். 2 ஜிகாபைட்டைப் பதிக்க 20 விநாடி போதுமானது. நாள்தோறும் அரைமணி நேரம் காத்திருக்க எவரும் விரும்பார். காத்திருக்க விரும்பாதவர் நாளடைவில் காப்பெடுப்பதையே கைவிடுவர். சேர்ப்புக் காப்பின் பெருமை இதுவேயாகும்: வேலையை இலகுவாக்கி, அதனைத் தவறாது செய்யும் வழக்கத்தை உண்டாக்குகின்றது.

ஆனால் கொடுப்பதை இலகுவாக்கும் முறை, மீட்பதைச் சற்றுக் கடினமாக்குகின்றது. சனிக்கிழமை இரவு கணினி பழுதுபட்டதென்று கொள்வோம். முழுக் காப்பு முறையாயின் சனிக்கிழமைப் பிரதி ஒன்றே போதும். வேறுபாட்டு முறையாயின் ஞாயிற்றுக்கிழமைப் பிரதியும் சனிக்கிழமைப் பிரதியுமாக இரண்டு வேண்டும். சேர்ப்பு முறையாயின் ஞாயிற்றுக்கிழமைப் பிரதியுடன் அதன்பின் வந்த ஆறும், ஒன்றேனும் குறையாது, ஏழும் வேண்டும்.

மாறியதை அறிவது எங்ஙனம்?

எது மாறியது, எது மாறவில்லை என்பதை மென்பொருள் எவ்வாறு அறிகின்றது என்ற ஐயம் எழலாம். எம்.எஸ். டொஸ் காலந்தொட்டு ஒவ்வொரு கோப்பிற்கும் சிறு அடையாளமொன்று இடப்பட்டு வருகின்றது. கோப்பில் எதையேனும் எழுதியவுடன் அவ்வடையாளம் தோன்றும். முழுக் காப்பும் சேர்ப்புக் காப்பும் அக்கோப்பைப் படியெடுத்தபின் அடையாளத்தை அழித்துவிடும். வேறுபாட்டுக் காப்போ அழிக்காமல் விட்டுவிடும். வேறுபாட்டுக் காப்பு ஒவ்வொரு நாளும் பெருப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

இக்காலத்து மென்பொருள்களிற் பல, கோப்பின் அளவையும் இறுதியாக மாற்றப்பட்ட நேரத்தையும் முன்னைய பதிவுடன் ஒப்பிட்டு அறிகின்றன. வேறு சில, தட்டு முழுவதையும் சிறு துண்டங்களாகப் பிரித்து, மாறிய துண்டங்களை மாத்திரம் எடுக்கின்றன. 5 ஜிகாபைட் அளவான ஒரே கோப்பில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தால், முன்னைய முறை அக்கோப்பு முழுவதையும் மீண்டும் படியெடுக்கும். பின்னைய முறை மாறிய துண்டத்தை மாத்திரம் எடுக்கும். பின்னையது சிக்கனமானது. எனினும் அத்துண்டம் தனித்து நின்றால் எப்பொருளும் தராது. கிழிந்த புத்தகத்தின் அரைத்தாளைப் போன்றதே அது.

மாறாதவை எங்கே உள்ளன?

இனி, தலைப்பிலுள்ள வினாவிற்கு வருவோம். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த திருமணப் படங்கள் இன்று மாறுகின்றனவா? பாட்டனாரின் குரற்பதிவில் எவரேனும் கைவைக்கின்றனரா? இல்லை. மாறாத கோப்பு எந்தச் சேர்ப்புக் காப்பிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே ஒரு குடும்பம் எவற்றை மிக அருமையாகப் போற்றுகின்றதோ, அவை பெரும்பாலும் அந்தப் பழைய, பெரிய முழுக் காப்பில் மாத்திரமே உள்ளன. புதிய சிறு கோப்புகளில் இருப்பவை நேற்றுத் திருத்திய கடிதமும் முந்தாநாள் இறக்கிய படமுமே.

அடிப்பிரதியை அழித்தவன் பழையதை அழித்ததாக எண்ணுகின்றான். உண்மையில் அவன் அழித்தது முழுமையை. நாம் மேலே கண்ட கணக்கின்படி, 200 ஜிகாபைட்டை அழித்துவிட்டு 12 ஜிகாபைட்டைப் பத்திரப்படுத்தியிருக்கின்றான். துண்டங்களாக எடுத்த காப்பாயின் அந்த 12உம் பயன்படா.

நடுவிலுள்ள சேர்ப்பு ஒன்று பழுதுபட்டாலும் தீங்குண்டு. புதன்கிழமைப் பிரதி கெட்டுவிட்டதாயின், துண்டமுறைக் காப்பிற் செவ்வாய்க்கிழமை நிலைவரையே மீளலாம். வியாழன், வெள்ளி, சனி ஆகியன இருந்தும் இல்லாதவையாகும். கோப்பு முறைக் காப்பிற் பின்னைய மூன்று நாட்களிலும் பதிவான கோப்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம்; புதனன்று மாத்திரம் பதிவானவை கிடைக்கமாட்டா. சங்கிலி நீள நீள இவ்வாபத்தும் கூடும். ஆண்டு முழுவதும் ஒரே முழுக் காப்பின்மேல் 364 சேர்ப்புகளை அடுக்குதல் அறிவுடைமையன்று. இடையிடையே புதிய முழுக் காப்பொன்றை எடுத்துப் புதிய சங்கிலியைத் தொடங்குதல் வேண்டும்.

அப்படியாயின் பழையதை ஒருபொழுதும் நீக்கலாகாதா? நீக்கலாம். புதிய முழுக் காப்பு நிறைவுபெற்று, அது சரியானதெனச் சோதிக்கப்பட்ட பின்னர், பழைய முழுக் காப்பையும் அதனைச் சார்ந்த சேர்ப்புகளையும் ஒரு தொகுதியாக நீக்கலாம். அதனையும் நாமே கோப்புகளைத் தேடி அழிக்காமல், மென்பொருளைக்கொண்டே செய்வித்தல் நன்று. எது எதனைச் சார்ந்தது என்பது அதற்குத்தான் தெரியும்.

சில மென்பொருள்களின் வழக்கம்

இவ்வேலையைத் தாமே செய்யும் மென்பொருள்களும் உள. 2007இல் அப்பிள் நிறுவனம் தன் கணினிகளுடன் வழங்கத் தொடங்கிய 'டைம் மெஷின்' மணிக்கொரு முறை மாறியவற்றை மாத்திரம் எடுக்கின்றது. ஆயினும் பார்ப்பவருக்கு ஒவ்வொரு பிரதியும் முழுப் பிரதி போலவே தோன்றும். கடந்த 24 மணி நேரத்திற்கு மணிக்கொன்றும், கடந்த ஒரு மாதத்திற்கு நாளுக்கொன்றும், அதற்கு முந்திய காலத்திற்குக் கிழமைக்கொன்றுமாகப் பிரதிகளை வைத்துக்கொண்டு, இடம் நிரம்பும்பொழுது மிகப் பழையதை நீக்குகின்றது. 2012இல் விண்டோஸ் 8உடன் வந்த 'பைல் ஹிஸ்டரி' குறித்த கோப்புறைகளை மாத்திரம் காக்கின்றது. கணினி முழுவதையும் மீட்க அது உதவாது. 'வீம்' என்னும் மென்பொருளின் வீட்டுக் கணினிக்குரிய வடிவம், எல்லை வந்ததும் மிகப் பழைய சேர்ப்பை முழுக் காப்புடன் இணைத்துவிடுகின்றது. முதலாளி பழைய நாளேட்டுப் பக்கங்களைக் கூட்டி, இருப்புக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

முகிற் சேமிப்பையும் காப்பையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. ஒரே கோப்புறையைப் பல கருவிகளில் ஒத்திருக்கச் செய்யும் சேவைகள், இங்கே அழித்ததை அங்கேயும் அழித்துவிடும். சில நாட்களுக்குக் குப்பைக் கூடையில் வைத்திருப்பினும், பிள்ளை தெரியாமல் அழித்த படத்தை மூன்று மாதங்கள் கழித்துத் தேடும் தாய்க்கு அது உதவமாட்டாது.

பெரிய நிறுவனங்களுக்கு நேர்ந்தவை

காப்பு இருக்கின்றது என்ற நம்பிக்கை வேறு; காப்பு இருப்பது வேறு. 2017 ஜனவரி 31ஆந் திகதி, மென்பொருள் எழுதுவோர் உபயோகிக்கும் 'கிட்லாப்' என்னும் சேவையில் ஓர் ஊழியர் தவறுதலாக மூலத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்பிற்கென அவர்களிடம் ஐந்து வழிகள் இருந்தன. தேடிப் பார்த்தபொழுது அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை எனத் தெரிந்தது. ஒருவகைக் காப்பு நெடுநாளாகவே தோல்வியுற்றிருந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் உரியவர்களைச் சென்றடையவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன்னர் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே அவர்களைக் காத்தது.

1998இல் 'டொய் ஸ்டோரி 2' என்ற சித்திரப்படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்திலும், ஒரு தவறான கட்டளையினாற் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதிகளும் சரியாக அமைந்திருக்கவில்லை. குழந்தை பெற்ற காரணத்தால் வீட்டிலிருந்து பணிபுரிந்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அலுவலகத்திற்கு வெளியே இருந்த அந்தப் பிரதியே படத்தை மீட்க உதவிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இரண்டு பாடங்களைப் புகட்டுகின்றன. ஒன்று, மீட்டுப் பார்க்காத காப்பைக் காப்பென்று கொள்ளலாகாது. மற்றொன்று, ஒரு பிரதியேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீட்டர் குரோ, 2005இல் வெளிவந்த தமது நூல் வாயிலாகப் பரப்பிய '3-2-1' என்ற விதியும் இதனையே கூறுகின்றது: பிரதிகள் மூன்று, அவற்றைத் தாங்கும் சாதனங்கள் இருவகை, வீட்டிற்கு வெளியே ஒன்று.

வெளித்தட்டை எந்நேரமும் கணினியுடன் இணைத்து வைத்தலும் ஆபத்தானது. 2017 மே மாதத்தில் 150இற்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவிய 'வன்னாகிரை' போன்ற பணம் பறிக்கும் மென்பொருள்கள், இணைந்திருக்கும் வெளித்தட்டிலுள்ள கோப்புகளையும் பூட்டிவிடும். நம் நாட்டில் இடிமின்னலுடன் மழை பெய்யும் மாதங்களில் மின்னற் சேதமும் அவ்வாறே இரண்டையும் ஒருங்கே தாக்கக்கூடும். ஒரு குறிப்பையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்க. நாளுக்கு 2 ஜிகாபைட்டாக இருந்த சேர்ப்புக் காப்பு, காரணமின்றித் திடீரென 150 ஜிகாபைட்டாகுமாயின், கோப்புகள் யாவும் மாற்றப்பட்டுள்ளன என்பது அதன் பொருளாகலாம். அப்பொழுது வெளித்தட்டை உடனே கழற்றிவிட்டு, காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்திற்குப் போதுமான ஒழுங்கு

மாதத்தின் முதல் ஞாயிறன்று முழுக் காப்பு எடுக்க. ஏனைய நாட்களில் மாலைதோறும் சேர்ப்புக் காப்பு எடுக்க. முடிந்ததும் தட்டைக் கழற்றி அலுமாரியில் வைக்க. எப்பொழுதும் இரண்டு மாதச் சங்கிலிகள் கைவசம் இருத்தல் நன்று. 200 ஜிகாபைட் முழுக் காப்பும் மாதச் சேர்ப்புகள் 60உம் கூடி ஒரு சங்கிலி 260 ஜிகாபைட்; இரண்டிற்கு 520. மூன்றாவது முழுக் காப்பை எடுத்து முடிக்கும்வரை பழையதை நீக்கக்கூடாதாகையால் மேலும் 200 சேர்த்தால் 720. ஆகவே இவ்வீட்டிற்கு 1,000 ஜிகாபைட் தட்டொன்று தாராளமாகப் போதும்.

இரண்டாவது தட்டொன்றை வாங்க இயலுமாயின், அதனை வேறொரு வீட்டில் வைக்க. கொழும்பில் வாழ்பவர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்துவைத்து, விடுமுறைக்குச் செல்லும்பொழுது புதுப்பிக்கலாம். அத்தட்டிலும் தனியாக ஒரு முழுக் காப்பு இருத்தல் அவசியம். முழுக் காப்பு ஒரு தட்டிலும் அதன் சேர்ப்புகள் மற்றொன்றிலுமாகப் பிரிந்திருத்தல் கூடாது. காப்பிற்குக் கடவுச்சொல் இட்டிருப்பின், அதனை எழுதி வீட்டில் இன்னொருவரும் அறியுமாறு வைக்க. கடவுச்சொல் தெரிந்த ஒருவர் இல்லாமற் போகும் நாளிலும் குடும்பத்திற்கு அப்படங்கள் வேண்டும்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை, ஒரு பழைய படத்தையும் ஒரு புதிய கடிதத்தையும் காப்பிலிருந்து வேறொரு கோப்புறைக்கு மீட்டுத் திறந்து பார்க்க. பழைய படம் திறந்தால் அடிப்பிரதி நலமாக உள்ளதென்பதற்கு அது சான்றாகும். புதிய கடிதமும் திறந்தால் சங்கிலியும் தொடர்கின்றது எனலாம். மென்பொருளின் 'சரிபார்' என்னும் கட்டளையையும் உபயோகிக்க. கணினி முழுவதையும் மீட்கும் வகைக் காப்பாயின், கணினி நலமாக இருக்கும்பொழுதே அதற்குரிய மீட்பு யு.எஸ்.பி. ஒன்றையும் தயாரித்துக்கொள்க. கணினி பழுதுபட்ட பின்னர் அதனை அக்கணினியில் தயாரிக்க முடியாது.

இத்தனையும் செய்ய மாதத்தில் இரண்டு மணி நேரங்கூடச் செல்லாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம்; கூட்டலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் இது இயலும். வெளித்தட்டில் இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்புத் தோன்றும் நாளில் மாத்திரம், அழிக்கும் விசையில் விரலை வைக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்க: இந்தக் கோப்பின்மேல் எவை நிற்கின்றன?